முடிந்துபோன வழக்கின் வாய்தா

வீட்டை விட்டுக் கிளம்புகிறவனைப் பார்த்து "எங்க போறீக?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் படி இறங்க வேண்டும். வேறு எந்தச் சட்டத்தையும் இந்த ஊர் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சட்டத்தைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

நான் போலீசில் இருந்தவன். கடைசியில் எஸ்.எஸ்.ஐ. ஆகத்தான் ஓய்வு பெற்றேன் என்றாலும், ராஜபாளையம் என்னை ஏட்டையாவிலேயே நிறுத்திவிட்டது. பதவி உயர்வை அரசாங்கம் கொடுக்கலாம், தெரு ஒப்புக்கொள்ள வேண்டுமே. வேலையில் இருந்த காலம் முழுக்க என் மனைவி ஒரு தடவைகூட நான் எங்கே போகிறேன் என்று கேட்டதில்லை. சாதாரண வீட்டிலேயே கேட்கக் கூடாது, போலீஸ்காரன் வீட்டில் கேட்கலாமா? இரண்டு ஊர்க்காரர்கள் அரிவாளோடு நிற்கிறார்கள் என்று தகவல் வந்து ஓடினாலும் சரி, இன்ஸ்பெக்டர் வீட்டு மோட்டாருக்கு மெக்கானிக் பிடிக்கப் போனாலும் சரி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாத்துப் போயிட்டு வாங்க" என்பாள். அவ்வளவுதான். நான் அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் மிதப்பாகவே படி இறங்குவேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எங்க போறீக?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். சட்டப்படி செருப்பைக் கழற்றினேன், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், தண்ணீர் கேட்டேன். அவள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். இப்போதுதானே காப்பி குடித்தீர்கள், அதற்குள் என்ன தாகம் என்றாள். நீதான் கேட்டுவிட்டாயே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது டூட்டிக்குப் போறவுகளுக்குல்ல? சும்மா போறதுக்கு என்ன சகுனம்?"

யோசித்துப் பார்த்தால் அவள் வாதத்தில் ஓட்டை இல்லை. கேட்டால் காரியம் கெடும். காரியமே இல்லாதவனுக்கு எது கெடப்போகிறது? எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனாலும் அவள் பக்கம்தான் தீர்ப்பாகும். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நேற்று சாயங்காலம் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டவர்கள் சொல்லாமல் விட்டதை இவள் நாலே வார்த்தையில் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. அன்றைக்கு நான் வெளியே போகவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே கேள்விதான். கேள்வியைவிடப் பெரிய தொந்தரவு, என்னிடம் பதில் இல்லாததுதான். காலை எட்டு மணிக்கு உடம்பு தானாக வாசலுக்கு வந்துவிடும். எங்கே போக வேண்டும் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "இந்தா, முக்கு வரைக்கும்" என்பேன். முக்கு வரைக்கும் போகிறவன் கையை வீசிக்கொண்டா போவான்? கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வாள். மாவு மில்லில் கொடுத்துவிட்டு வரச் சொல்வாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். எதையும் "ஏமண்டி" என்றுதான் ஆரம்பிப்பார். ஏமண்டி, அப்படியே எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்பார். வேலையில் இருந்தபோது அதிகாரி வீட்டு ஆர்டர்லியாக என்னைப் போட்டுவிடக் கூடாதென்று யார் யாரையோ பிடித்துத் தப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தெருவுக்கே ஆர்டர்லி ஆனேன்.

அந்த நேரத்தில்தான் சம்மன் வந்தது.

பழைய வழக்கு ஒன்று. மேற்கே ஒரு மாந்தோப்பில் தண்ணீர் மோட்டாரைத் திருடியதாக ஒருவன் மேல் கேஸ். மோட்டாரைக் கைப்பற்றியபோது கூட இருந்தவன் என்ற முறையில் நான் சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும். நான் கூட மறந்துபோன அந்த மோட்டார் என்னை மறக்கவில்லை. சம்மனைக் கொண்டுவந்த போலீஸ்காரர், ஓய்வுக்குப் பிறகும் உங்களுக்குத் தொந்தரவுதான் ஐயா என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்டு நாளன்று வெள்ளைச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன். செருப்பை ஒதுக்கிவிட்டு ஷூவைத் துடைத்து மாட்டினேன். கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். கறிவேப்பிலை பற்றிப் பேச்சே இல்லை. பஸ் ஸ்டாப் வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பயணம் இவ்வளவு அருமையானது என்று வேலையில் இருந்தபோது எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் ஜீப்பின் பின்பக்கம் கைதியோடு கை கோத்துக்கொண்டு போனதுதான். இப்போது டவுன் பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரம். வழி நெடுக மேற்கு மலை கூடவே வருகிறது. கோர்ட்டுக்கு எதிரே பாய் ஒருவரின் டீக்கடை. கடைக்கு வெளியே புங்க மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஒரு டீ, ஒரு உளுந்த வடை, கடையின் பேப்பர். வக்கீல்கள் போகிற போக்கில், என்ன ஏட்டையா, நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறார்கள். என்னைப் போலவே பழைய கேசுக்குச் சாட்சி சொல்ல வந்த ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் வராந்தாவில் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் கோர்ட்டு டவாலி வந்து எங்கள் கேசைக் கூப்பிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. வாய்தா.

சாட்சிக் கூண்டில் ஏறாமலே வீட்டுக்குத் திரும்பினேன். வாய்தா என்ற அந்த வார்த்தையை நினைக்க நினைக்க இனித்தது. வேலை இருக்கிறது, ஆனால் இன்றைக்குச் செய்ய வேண்டாம், இன்னொரு நாள் வா என்று அரசாங்கமே சொல்லி அனுப்புகிறது. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பம்பாயில் கொஞ்ச காலம் இருந்தவர் டீக்கடை பாய். வாய்தா என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் வாக்குக் கொடுப்பது என்று அர்த்தம் என்று ஒரு நாள் அவர்தான் சொன்னார். திரும்பி வருகிறேன் என்று கொடுக்கிற வாக்கு. இத்தனை வருஷம் கோர்ட்டில் கால்கடுக்க நின்றவனுக்கு, வாய்தா என்றால் தள்ளிப்போடுவது என்று மட்டும்தான் தெரிந்திருந்தது.

அப்படிச் சில வாய்தாக்கள் போயின. கடைசியில் ஒரு நாள் நிஜமாகவே கூண்டில் ஏற்றிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், மோட்டார் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன். மோட்டாரைக் கைப்பற்றிய அன்று எழுதிய மகஜரில் நீலம் என்று இருந்தது. எழுதியவனும் நான்தான். பொறவென்ன, குற்றவாளி விடுதலை.

அந்த ஆளே டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். அவனுக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நிறத்தை மாற்றிச் சொன்னதற்கு நன்றி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "இனிமே இந்தப் பக்கம் வர்றதுக்கு சோலி இல்ல ஏட்டையா" என்றான். எனக்கும் அதே கவலைதான். இரண்டு பேரும் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். என்ன ஆச்சு என்றாள் மனைவி. என் வாய் தானாகச் சொன்னது, "வாய்தா."

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் மனசு வரவில்லை. கேஸ் முடிந்தது என்று சொன்னால் மறுநாள் காலையிலேயே எங்க போறீக, கறிவேப்பிலை, மாவு மில், சிலிண்டர். வாய்தா என்று சொல்லிவிட்டால் வெள்ளைச் சட்டை, வாசல் நிலை, பாத்துப் போயிட்டு வாங்க. இந்த இரண்டில் எது வேண்டும் என்று எந்த ஆம்பளையையும் கேட்டுப் பாருங்கள். அன்றிலிருந்து எனக்கு நானே சம்மன் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அளவோடுதான் செய்தேன். இன்று சாட்சி வரவில்லை என்பேன், வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பேன், ஜட்ஜ் ஐயா லீவு என்பேன். போலீசில் இருந்தபோது கோர்ட்டு நாங்கள் சொன்ன எத்தனையோ உண்மைகளை நம்பியதில்லை. என் மனைவி இந்தப் பொய்களை ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினாள். நான் போய்ச் செய்ததெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்ததுதான். டீ, வடை, பேப்பர், போகிற வருகிற பஸ். ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டுப் படி ஏறும்போது பயம்தான். அகப்பட்டால் மானம் போவது மட்டுமில்லை, பெஞ்சும் போய்விடும். போக இடமில்லாத மனுஷன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அதையும் தாண்டித்தான் ஓட்டினேன். மாட்டிக்கொண்டது ஆடி மாசத்தில்.

அன்று காலையில் எழுந்ததும் மனசுக்குள் 'இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று ஓடியது. காரணம் யோசிக்கவில்லை. சவரம் செய்துகொண்டேன், குளித்தேன், வெள்ளைச் சட்டையை மாட்டினேன். "இன்னைக்கு வாய்தா" என்றேன்.

மனைவி பூ கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "இன்னைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"செத்த நேரம் இருங்க. சேலை மாத்திட்டு நானும் வாரேன். கோர்ட்டு எப்படி இருக்கும்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

கோர்ட்டு பொம்பளைகள் வருகிற இடமில்லை என்றேன். பொம்பளை ஜட்ஜே இருக்கிறார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கூட்டமாக இருக்கும் என்றேன். இருக்கட்டும் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அரக்குச் சேலையில் வெளியே வந்து வீட்டைப் பூட்டிவிட்டாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நிற்க இடமில்லை. பெண்கள் தலையில் பூ, கையில் துளசி, பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளெல்லாம் புதுச்சட்டையில். ஆடிப்பூரம். ஆண்டாள் தேரோட்டம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கோர்ட்டுக் கதவு திறந்திருக்காது.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஊருக்கெல்லாம் ஆடிப்பூரம் லீவு நாள். போலீஸ்காரனுக்கு மட்டும் அது வருஷத்திலேயே பெரிய வேலை நாள். சர்வீஸ் முழுக்க அன்றைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பந்தோபஸ்தில்தான் நின்றிருக்கிறேன். என் உடம்புக்கு அது இன்னும் டூட்டி நாள்தான். அந்த நினைப்பில்தான் வெள்ளைச் சட்டையை மாட்டியிருக்கிறேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், என் பொய் எம்மாத்திரம்.

மனைவிக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ பேரை விசாரித்தவன்தான் நான், அந்த முகத்திலிருந்து எதையும் என்னால் வாங்க முடியவில்லை. கண்டக்டர் வந்தார்.

"எங்க போறீக?"

உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உள்ள ஒரே மனுஷன் அவர்தான். மனைவி பதில் சொன்னாள். "கோர்ட்டு ஸ்டாப். பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸுல காசு கிடையாதே, இவுகளுக்கு ஒண்ணு போடுங்க."

பஸ் மடவார் வளாகம் வரைக்கும்தான் போகும், அதற்கு மேல் தேருக்காக அடைத்திருக்கிறார்கள் என்றார் கண்டக்டர். பிறகு என் ஷூவையும் சட்டையையும் பார்த்துவிட்டு, இன்று கோர்ட்டு லீவாச்சே என்றார்.

"இவுகளுக்கு மட்டும் இருக்குதாம்" என்றாள் என் மனைவி.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மடவார் வளாகத்தில் இறங்கி, தேர் பார்க்கப் போகிற கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்து, பிறகு நாங்கள் இருவர் மட்டும் கோர்ட்டுப் பக்கம் திரும்பினோம். வேண்டாம், தேருக்குப் போவோம் என்றேன். கோர்ட்டுக்குத்தானே வந்தோம் என்றாள். கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் ஒரு நாய் படுத்திருந்தது. கேஸ் முடிஞ்சிருச்சா என்றாள். முடிந்துவிட்டது என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. வாய்தான்னு சொல்லிட்டுப் போற அன்னைக்கெல்லாம் நீங்க எங்க இருப்பீக என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன்.

பாய் கடை திறந்திருந்தது. மனைவி போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பாய் இரண்டு டீயும் வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைமை தெரிந்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார். அவள் புங்க மரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், போகிற ஜனங்களைப் பார்த்தாள். வடையைப் பிட்டுத் தின்றாள். திட்டப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். கூண்டில் நின்றபோதுகூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. காத்து வருது" என்றாள்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று ஆரம்பித்தேன். போகும்போதெல்லாம் நீ கேட்கிறாய், எனக்குச் சொல்ல ஒரு இடம் இல்லை, அதனால்தான் என்று இழுத்தேன். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க போறீகன்னு தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டேன். கேட்டா உங்களுக்கு ஏதும் ஆயிருமோன்னு அம்புட்டு வருசமும் வாயக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். இனிமேப்பட்டு கேக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாசல் நிலையை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். நான் வேலையை விட்ட மறுநாள் காலையில் அவள் அடுப்படியிலிருந்து கேட்டாளே, அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்ததை இப்போதுதான் என் காது கேட்டது. எனக்கு எதிலிருந்து ஓய்வு கிடைத்ததோ தெரியாது, அவளுக்குக் கிடைத்த ஓய்வு அந்தக் கேள்விதான். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு மனுஷன் கோர்ட்டு வரை போய்ப் பொய் சொல்லியிருக்கிறான். ரொம்ப வெட்கமாக இருந்தது, அதே அளவுக்கு அவளைப் பிடித்தும் இருந்தது. இரண்டையும் சொல்லத் தெரியாமல் இன்னொரு வடை வேண்டுமா என்று கேட்டேன். வாங்குங்க என்றாள்.

அப்புறம் தேர் பார்க்கப் போனோம். ரத வீதியில் கூட்டம் நெரிந்தது. தேர் அசைந்து வருகிற சத்தமும் கோவிந்தா கோவிந்தா என்கிற குரலும் தெரு முனையிலிருந்தே கேட்டன. ஒரு வீட்டுப் படியோரம் இடம் பிடித்து நின்றேன். எந்தச் சந்துக்குள் ஜனம் பிதுங்கும், எந்தக் கை கழுத்துச் சங்கிலிப் பக்கம் போகும் என்று கண் தானாக மேய்ந்தது. வடம் கிட்டே வந்தது, தேர் கிட்டே வந்தது. மனைவி என் தோளைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. ஆண்டாளம்மா இங்கிட்டு வாராக."

அப்போதுதான் தெரிந்தது, நான் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். எல்லா வருஷமும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். பந்தோபஸ்துக்காரன் தேரைப் பார்க்கக் கூடாது, தேரைப் பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டும். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அவ்வளவு பெரிய தேரை அவ்வளவு கிட்டத்தில் முகத்துக்கு நேராக அன்றைக்குத்தான் பார்த்தேன். கை தானாகக் கும்பிட்டது.

சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றிருந்தார். போகிறவர்களைத்தான் கேட்கக் கூடாது, வருகிறவர்களைக் கேட்கத் தடை இல்லை. ஏமண்டி, ரெண்டு பேருமா எங்கே போயிட்டு வாரீங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"கோர்ட்டுக்கு. இவுகளுக்கு ஒரு கேசு. வாய்தா போட்டுட்டாக."

தேரன்றைக்குக் கோர்ட்டா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. அடடா, மறுபடியும் எப்போது அலைய வேண்டுமோ என்று பரிதாபப்பட்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதற்கு மட்டும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்கே போட்டிருக்காக" என்றேன்.

வீட்டைத் திறந்து உள்ளே போனோம். அவள் அரக்குச் சேலையை மடித்துப் பீரோவில் வைக்கவில்லை. காலையில் எடுக்க வசதியாகக் கொடியிலேயே போட்டாள்.